நான்காம் கூண்டுக்கு மூன்று விநாடி

அந்த வரி அங்கே இருந்திருக்கக் கூடாது.

வசுதா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். இருந்தது. 'நான்காம் கூண்டு' என்ற தலைப்புக்குக் கீழே, 'காத்திருப்பு = 12' என்ற வரிக்கு மேலே, ஹாஷ் குறியோடு ஒரு குறிப்பு. ஆங்கில எழுத்துகளில் அடித்த தமிழ்.

# இத கொறைக்காத

ஒரகடத்தில் கார் இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் தொழிற்சாலை அது. வெல்டிங் ஷெட்டில் ஆறு தடுப்பறைகள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கம்பி வலை, உள்ளே இரண்டு ரோபோக்கள். அதனால் எல்லோரும் கூண்டு என்றே சொன்னார்கள். ரோபோ எவ்வளவு வேகமாக நகர வேண்டும், இரும்பை எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும், சட்டத்தை வைத்துவிட்டு ஆள் வெளியேற எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரே ஒரு கான்ஃபிக் ஃபைலில் இருந்தன. அதைப் படிப்பதும் மாற்றுவதும் திரும்ப எழுதுவதும் வசுதாவின் ப்ரோக்ராம்.

படிக்கிற வேலையையும் எழுதுகிற வேலையையும் அவளுக்காக ஒரு லைப்ரரி செய்தது. யாரோ எப்போதோ எழுதி எல்லோருக்கும் பொதுவாக விட்ட ப்ரோக்ராம் துண்டு. நல்லதுதான். ஒரே ஒரு பழக்கம். பெயரையும் மதிப்பையும் மட்டுமே அது எடுத்துக்கொள்ளும். ஹாஷ் குறியில் தொடங்கும் வரிகளைப் படிக்காமல் தாண்டிவிடும். தாண்டியதைத் திரும்ப எழுதவும் எழுதாது. குறிப்புகளை அப்படியே வைத்திருக்கும் வேறு லைப்ரரிகளும் இருக்கின்றன. தேட அவளுக்கு நேரம் தரப்படவில்லை.

போன மாதம், ப்ரோக்ராம் முதல் முறை ஓடிய காலையில், பாண்டுரங்கன் என்ற பழைய மெயின்டனன்ஸ் ஆள் ஆண்டுக்கணக்காக எழுதி வைத்திருந்த குறிப்புகள் எல்லாம் ஒரே நொடியில் போயின. நகல் எடுத்ததும் அதே ப்ரோக்ராம்தான். அதனால் நகலிலும் அவை இல்லை. பாண்டுரங்கன் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். எண்கள் சரியாக இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெல்டிங் சுற்று முடியும்போதும் ஃபைல் தானாகச் சேமிக்கப்பட்டது. யாராவது கையால் ஒரு குறிப்பை எழுதினாலும் அடுத்த சுற்று வரைதான் அதற்கு ஆயுள். நேற்று இரவு வரை லைன் ஓடியது. இன்று ஞாயிறு. யாரும் இல்லை.

சூப்பர்வைசர் பெருமாள்சாமி ஏதாவது தட்டியிருப்பார் என்று நினைத்துச் சேமிப்பை அழுத்தினாள். திறந்து பார்த்தாள். வரி இல்லை.

மதியம் தாண்டி மழை பிடித்திருந்தது. ஷெட்டின் தகரக் கூரைமேல் அது விடாமல் கொட்டுவது மேலே அவள் இருந்த கண்ணாடி கேபினுக்குள் ஒரு பெரிய மூச்சைப் போலக் கேட்டது. ஞாயிறு என்பதால் கீழே பாதி விளக்குகளை அணைத்திருந்தார்கள். எரிந்த இரும்பும் எண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை ஏசி வழியாகவும் மேலே வந்துகொண்டிருந்தது. அவள் வேலைக்கு வருவது தொடர்ந்து இது நான்காவது ஞாயிறு. அவளுக்குக் கண் எரிந்தது. முதுகு வலித்தது. வலிக்கிறது என்று யாரிடமாவது சொல்வதற்கே அலுப்பாக இருந்தது.

"மேடம், டீ." பெருமாள்சாமி தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "சக்கர கம்மியா போடச் சொன்னேன். டீக்காரன் சக்கரைக்குத்தான் டீ ஊத்திக்கிறான்."

"சார், ஃபைல்ல நீங்க ஏதாவது டைப் பண்ணீங்களா?"

"நானா? வாட்ஸப்புல குட்மார்னிங் போடவே என் பொண்ணு வரணும்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலைல கஸ்டமர் வர்றாங்க. நாலாவது கூண்டு பன்னெண்டு செகண்டு சும்மா நின்னுகினு கீது. மூணு ஆக்கிடுங்க. இப்பவே ஓட்டிப் பாத்துடலாம்."

"பன்னெண்டு எதுக்கு வெச்சாங்க?"

"பாண்டுரங்கன் வெச்சது. மத்த அஞ்சும் மூணுலதான் ஓடுது. கேட்டா, எல்லாம் ஃபைல்ல எழுதிக்கிறேன், படிச்சுக்கோன்னுவான். இப்ப ஃபைல்ல இன்னா கீது?"

ஒன்றும் இல்லை. அவளுக்குத்தான் தெரியுமே.

மதிவதனி படியேறி வந்தாள். கைக்கு நீளமான துணி உறை, நெற்றி முழுக்க வியர்வை, மாஸ்க் கழுத்தில் தொங்கியது. பிள்ளைப்பாக்கத்துப் பெண். நான்காம் கூண்டில் சட்டம் வைப்பவள். மதியச் சாப்பாட்டில் பாதியைக் கேட்காமலே டப்பா மூடியில் வைத்து வசுதா பக்கம் தள்ளிவிடுகிற ஒரே ஆள் இந்த இடத்தில் அவள்தான்.

"மூணு செகண்டா அக்கா? நான் இன்னா ரோபோவா?"

"ரோபோவா இருந்தா லீவு கேக்க மாட்ட," என்றார் பெருமாள்சாமி.

"ரோபோவுக்கே இன்னிக்கு லீவு சார். எனக்குத்தான் இல்ல."

வசுதா சிரித்தாள். "கஷ்டமா இருந்தா சொல்லு மதி. எப்படியும் கதவு திறந்திருந்தா ரோபோ நகராது இல்ல?"

மதிவதனி பெருமாள்சாமியைப் பார்த்தாள். பெருமாள்சாமி டீயைப் பார்த்தார்.

"ஆமாம் மேடம்," என்றார் அவர்.

அந்தப் பார்வையை வசுதா கவனித்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால் பேச்சு நீளும். நீண்டால் கம்பெனி பஸ் போய்விடும். இந்த மழையில் படப்பைக்கு ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போக வேண்டும். பன்னிரண்டை அழித்து மூன்று என்று எழுதினாள். சேமித்தாள்.

கீழே நான்காம் கூண்டின் மேல் மட்டும் விளக்குகள் எரிந்தன. கம்ப்ரஸர் உறுமி, அடங்கி, ஒரே சீராக ஓடத் தொடங்கியது. மதிவதனி தோளில் சட்டத்தோடு உள்ளே போனாள். கூண்டின் தரையில் ரப்பர் பாய் விரித்திருந்தது. ஆள் மிதித்தால் வசுதாவின் திரையில் அந்தக் கூண்டுக்கு எதிரே ஒரு சிவப்புப் புள்ளி எரியும்; காட்டுவதோடு சரி, ரோபோவை நிறுத்தாது. எரிந்தது. சட்டத்தை வைத்ததும் பிடிகள் பெருமூச்சோடு மூடிக்கொண்டன. அவள் வெளியே வந்தாள். புள்ளி அணைந்தது. ரோபோக்கள் குனிந்தன. கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி வழியாகவும் நீல வெளிச்சம் கேபின் சுவரில் துடித்தது.

மறுபடி. எரிந்தது, அணைந்தது. மறுபடி. பெருமாள்சாமி கீழிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது உறைக்கச் சற்று நேரம் ஆனது. மதிவதனி கதவை மூடவே இல்லை. கூண்டின் கதவு ஆரம்பத்திலிருந்தே சுவரோரம் திறந்து கிடந்தது. ரோபோக்கள் நகர்ந்துகொண்டிருந்தன.

பெருமாள்சாமியின் செல்லுக்கு அடித்தாள்.

"சார், கதவு திறந்திருக்கு. எப்படி ஓடுது?"

"கதவு ஸ்விட்ச்சுல ஸ்பேர் சாவி சொருகிக்கிறோம் மேடம். அது மூடின மாதிரியே நெனச்சிக்கும். ஒவ்வொரு தபாவும் தொறந்து மூடினா எண்ணிக்க வராது."

"அப்ப மதிக்கு அந்த மூணு செகண்டு மட்டும்தானா?"

"எல்லாக் கூண்டும் அப்டித்தான் ஓடுது."

"நிறுத்துங்க சார். நான் பழையபடி மாத்திடறேன்."

"இதோ மதி உள்ள போய்ட்டா. இந்த ஒரு ரவுண்டு."

புள்ளி எரிந்தது. பிடிகள் மூடும் சத்தம். வசுதா எழுந்து கண்ணாடியருகே போனாள். மதிவதனி வெளியே வந்துவிட்டாள். வந்து, கேபினுக்கு முதுகு காட்டி, வலையைப் பார்த்து நின்றாள். வசுதா விட்ட மூச்சு கண்ணாடியில் படிந்தது. ரோபோக்கள் குனிந்தன.

திரும்பித் திரையைப் பார்த்தாள்.

புள்ளி அணையவில்லை.

சுற்று முடிந்தது. ரோபோக்கள் நிமிர்ந்தன. மதிவதனி அங்கேயே நின்றாள். புள்ளி எரிந்தது. பாய் பழுதாகியிருக்கும். பழுதாக வேண்டிய வயதுதான் அதற்கு. ப்ரோக்ராமைத் தற்காலிகமாக நிறுத்தினாள். பழைய எண்ணைப் போட ஃபைலைத் திறந்தாள்.

# இன்னும் வரல

சேமித்த நேரத்தைப் பார்த்தாள். இப்போதுதான். சுற்று முடிந்ததும் ப்ரோக்ராம் எழுதியது. அதன் ஒவ்வொரு வரியும் அவளுக்குத் தெரியும். ஒரு ஹாஷ் குறியைக்கூட எழுதக்கூடிய வரி அதில் கிடையாது.

கீழே பெருமாள்சாமி குடையை விரித்தார். "மெயின் கேட்டுல சாப்பாடு வந்துகீது, வாங்கினு வரேன். நீ உக்காரு மதி." அவர் போனார். மதிவதனி உட்காரவில்லை. திரும்பவும் இல்லை.

பாண்டுரங்கனின் எண் மெயின்டனன்ஸ் அறைச் சுவரிலிருந்து எப்போதோ அவள் படமெடுத்து வைத்தது. அடித்தாள். மறுமுனையில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், நான் வசுதா. வெல்டிங் ஷெட்டு ப்ரோக்ராம்..."

"தெரியும்மா. என் எழுத்தையெல்லாம் தொடச்சி வுட்ட பொண்ணு." கோபம் இல்லை. சிரித்தார்.

"சாரி சார். நாலாவது கூண்டுல பன்னெண்டு எதுக்கு வெச்சீங்க?"

பம்புசெட் நின்றது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும். மழைச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது.

"எவ்ளோ ஆக்கினீங்க?"

"மூணு."

"உள்ள யாரு போனது?"

"மதிவதனி. வெளிய வந்துட்டா. ஆனா பாய் மட்டும் ஆள் இருக்குன்னே காட்டுது."

அவர் தொண்டையைச் செருமினார். "அந்தக் கூண்டுக்குள்ள யாரு போனாலும் பின்னாடியே ஒண்ணு போவும்மா. ஆளு வெளிய வந்தா அதுவும் வரும். மெதுவா வரும். ஆளுக்கு மூணு செகண்டு போதும். மீதி ஒம்போது அதுக்கு. வந்து வலையண்ட நின்னுக்கும். யாரையும் ஒண்ணும் பண்ணாது. எங்களுக்குப் பழகிப் போச்சு."

அவளால் சிரிக்க முடியவில்லை. ஸ்பேர் சாவியைப் பற்றிப் பெருமாள்சாமி சொன்ன அதே குரலில் அவர் இதைச் சொன்னார். பழுதான ஒன்றை வைத்துக்கொண்டு லைனை ஓட்டுகிறவர்களின் குரல்.

"இதெல்லாம் யார்கிட்டயும் சொல்லலையா சார்?"

"எழுதி வெச்சிருந்தேனேம்மா. மூணு ஆக்கினா ரெண்டுல ஒண்ணு வெளிய வரத்தான் டைம் இருக்கும்னு அங்கயே எழுதிக்கிறேனே."

"மதிதான் வந்துட்டாளே."

"மூஞ்சியப் பாத்தியா?"

பார்க்கவில்லை.

வந்து முதுகு காட்டி நின்றாள். அவ்வளவுதான் பார்த்தது.

செல்லைக் காதில் வைத்தபடியே கண்ணாடிக்குப் போனாள். வலையருகே யாரும் இல்லை. திறந்த கதவு. விளக்கு வெளிச்சத்தில் வெறுமையான கூண்டு, பிடிகளில் வெல்டு ஆன சட்டம், நிமிர்ந்து நிற்கும் இரண்டு ரோபோக்கள். பாயின் மேல் எதுவும் இல்லை. திரையில் புள்ளி எரிந்தது.

இரும்புப் படியில் ஒரு காலடி.

நீண்ட நேரம் எதுவும் இல்லை.

இன்னொரு காலடி.

"சார்," என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. செல்லில் மழை மட்டும் கேட்டது. "ஹலோ?" என்றார் அவர். "ஹலோ?"

ஃபைல் திரையில் திறந்தே இருந்தது. அவள் கண் முன்னால் ஒரு வரி கீழே இறங்கி இன்னொரு வரிக்கு இடம் விட்டது.

# அக்கா

அதற்குக் கீழே:

# அக்கா நான் உள்ள இருக்கேன்

அதற்குக் கீழே:

# கதவு திறந்துதான் இருக்கு என்னால வர முடியல

அவள் கை எண்ணை மாற்றப் போனது. பன்னிரண்டு. பன்னிரண்டு போட்டால் வர முடியும். போட்டால் சேமிக்க வேண்டும். சேமித்தால் லைப்ரரி பெயரையும் மதிப்பையும் மட்டும் எடுத்துக்கொள்ளும். மற்றதை விட்டுவிடும். மதிவதனி இப்போது மற்றது. கை விசைமேல் நின்றது. எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை. யோசிக்கத் தேவையான அந்தச் சிறு தெளிவு அவளிடம் இல்லை. நான்கு ஞாயிறுகளாக இல்லை.

காலடி.

கதவு திறந்தது.

மதிவதனி. அதே துணி உறை, அதே மாஸ்க், மோவாயில் அதே மச்சம். முகத்தில் எதுவும் மாறியிருக்கவில்லை. நெற்றி மட்டும் உலர்ந்திருந்தது. அத்தனை வெக்கையிலிருந்து வந்தவளின் நெற்றி, துடைத்து வைத்த தட்டு மாதிரி.

"மதி?"

நின்றது. பார்த்தது. மழை பெய்தது.

"ம்."

"கீழ... கீழ யாராவது இருக்காங்களா?"

உதடுகள் அசைந்தன. அசைந்து மூடின. பிறகு குரல் வந்தது.

"யாரும் இல்ல."

அது நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. மெதுவாக. உட்காருவதை வெளியிலிருந்து நெடுங்காலம் பார்த்துப் பழகியதைப் போல. இரும்பு வாசனை இல்லை. வியர்வை வாசனை இல்லை. எந்த வாசனையும் இல்லை. திரையில் இருந்த வரிகளை அது படித்தது. கண்கள் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தன. கடைசி வரி வரை.

"செல்லைக் கீழ வை," என்று உதடுகள் சொல்லி மூடின. குரலுக்காக அவள் காத்திருக்கவில்லை. வைத்தாள்.

அது கையை நீட்டி, மவுஸின் மேல் இருந்த அவள் கையின் மேல் வைத்தது. பாயின் ரப்பர் போல இருந்தது. சூடும் இல்லை, குளிரும் இல்லை. அவள் கையை இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். திரையில் அம்பு நகர்ந்தது. எண்ணைத் தாண்டி. நிறுத்து பொத்தானைத் தாண்டி. ஓட்டு.

"வேண்டாம்," என்றாள். "ப்ளீஸ். மதி."

பதில் வரும் முன்பே விரல் அழுந்தியது.

கீழே பிடிகள் இறுகின. ஒன்று. இரண்டு. ஃபைலில் இன்னொரு வரி வந்துகொண்டிருந்தது. பாதிதான் வந்திருந்தது. மூன்று.

ரோபோக்கள் குனிந்தன.

கேபின் நீலமானது. அவள் கண்ணை மூடப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணாடிக்கு அப்பால் வெல்டிங்கின் பொறிகள் சட்டத்திலிருந்து அருவி போலத் தெறித்துத் தரையில் சிதறிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் மட்டும் தரைக்குப் போகவில்லை. வெறும் காற்றில் எதன் மீதோ பட்டுப் பிளந்து, ஒரு தலையின் அளவுக்கு வளைந்து, இரண்டு தோள்களில் வழிந்து, கேபினை நோக்கி உயர்த்திய இரண்டு கைகளின் வடிவத்தில் சிதறி விழுந்துகொண்டே இருந்தன.